சேர்வராயன் மலைக் காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். அந்த மலையைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மலைக்கு அழைத்துச் சென்று மரம், பறவை, பூச்சி என்று காட்டி வருகிறேன். பஸ் கிளம்பும் முன்னே கேள்விகள் தொடங்கிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை எடுத்து, நிதானமாக விடை எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்கிறார்களே, ஊட்டியில் இருப்பதெல்லாம் இங்கும் உண்டா?

இல்லை. அந்தப் பட்டப் பெயரும் எனக்குப் பிடிப்பதில்லை. ஊட்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏற்காடு கிழக்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிகூட 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. இரண்டும் வேறு மலைகள், வேறு மழை, வேறு உயிர்கள். வரையாடு தேடி இங்கு வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அது மேற்கு மலைகளுக்கே உரியது.

மேற்கு மலைகள் பெரும்பாலும் ஒரு நீண்ட சுவர் போல் தொடர்ந்து போகின்றன. கிழக்கு மலைகள் அப்படியில்லை, துண்டு துண்டாக நிற்கின்றன. சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, போதமலை என்று ஒவ்வொன்றும் தனி. நடுவே வெயில் காயும் சமவெளி. ஈரத்துக்குப் பழகிய ஒரு சிறு பல்லியால் அந்தச் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. கடலுக்கு நடுவே தீவு இருப்பதுபோல, நம் மலை வறண்ட நிலத்துக்கு நடுவே ஒரு தீவு. தீவில் அகப்பட்டுக்கொண்ட உயிர்கள் பல்லாயிரம் தலைமுறைகளில் தனி இனமாகவே மாறிவிடும். ஊட்டியில் கிடைக்காதவை இங்கே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படி இந்த மலையில் மட்டுமே இருப்பவை என்னென்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் கண்ணில் எளிதில் படாதவை.

முதலாவது பகல்பல்லி. நம் வீட்டுப் பல்லி இரவில் விளக்கடியில் வேட்டையாடும். இது பகலில் நடமாடும். வீட்டுப் பல்லிக்குக் கண்மணி செங்குத்துக் கோடாக ஒடுங்கும், இதற்கு வட்டமாகவே இருக்கும். விரல்களில் ஒட்டிக்கொள்ளும் பட்டை கிடையாது, மெலிந்த விரலும் நகமும்தான். ஈரமான பாறைச் சந்துகளில் கட்டைவிரல் நீளத்துக்குப் பாறையின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். ஏற்காட்டின் பெயராலேயே நிமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற இனம் 2000ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகமானது. 2019இல் இதே மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு புதிய இனங்களை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு மலையின் பெயரையே வைத்தார்கள். அதே ஆண்டு சங்ககிரியிலிருந்தும் ஒரு புதிய பகல்பல்லி. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்து படகு விட்டுப் போகும் ஊரில், 2019 வரை பெயரே இல்லாமல் உயிர்கள் இருந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இரண்டாவது, கேடயவால் பாம்பு வகையைச் சேர்ந்த ஒன்று. 1863இல் பெட்டோம் என்ற ராணுவ அதிகாரி இதை இங்கிருந்து விவரித்தார். பிறகு நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அண்மைக் கால ஆய்வுகள்தாம் அதைத் தனி இனமாக மீட்டெடுத்தன. யூரோபெல்டிஸ் ஷார்டியை என்பது அதன் பெயர். மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும் பரம சாது. முட்டையிடாது, குட்டி போடும். வால் நுனி சாய்வாக வெட்டிவிட்டதுபோல் சொரசொரப்பாக முடியும். மழை பெய்த காலையில் சாலைக்கு வந்துவிடும், வாகனத்தில் நசுங்கும். "இருதலைப் பாம்பு" என்று அடித்துப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு ஒரு தலைதான், நஞ்சும் இல்லை. கேடயவால் பாம்புகள் உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றிலும் இது ஒரு மலையின் சொத்து.

மூன்றாவது ஒரு மரம், வெர்னோனியா ஷெவராயென்சிஸ். பெயரிலேயே மலை இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பம் என்றால் நமக்குச் செடிதான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் மரமாக வளரும் அரிய சிலவற்றுள் இதுவும் ஒன்று. இயற்கையில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஏற்காட்டிலுள்ள தாவரவியல் தோட்டத்தில் இதை வளர்த்துக் காக்கிறார்கள். அங்கே போனால் ஆர்க்கிட் பூவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், இந்த மரம் எங்கே என்று ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பஸ்ஸில் போகும்போதே காட்டைப் பார்க்க முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். சன்னலோரம் இடம் பிடித்தால் போதும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் சோதனைச் சாவடியைத் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,200 மீட்டர் ஏறுகிறோம். மூன்று வகைக் காடு ஒன்றன்மேல் ஒன்றாக வரும்.

அடியில் முட்காடு. வேலம், உசிலை, கள்ளி, காரை. வெயில் காலத்தில் செத்துப்போனதுபோல் கிடக்கும், ஒரு மழை விழுந்தால் ஒரே வாரத்தில் பச்சை. இந்தப் புதர்களைப் பலர் காடு என்றே மதிப்பதில்லை. மயிலும் முயலும் கௌதாரியும் இருப்பது இங்கேதான்.

அதற்கு மேலே இலையுதிர் காடு. மூங்கில் புதர்கள் தொடங்கும் இடம் ஒரு நல்ல அடையாளம். மாசி, பங்குனியில் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது பாறைகளின் உடல் முழுவதும் தெரியும். கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். பாறை இடுக்கில் வேர்விட்ட இச்சி, அத்தி மரங்களைப் பாருங்கள். வேர் உருகி வழிந்ததுபோல் பாறைமேல் இறங்கியிருக்கும். திரும்பிக் கீழே பார்த்தால் சேலத்துக்கு அருகே வெள்ளை வெளேரென்று நிலம் தெரியும். அது வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் தோண்டும் இடம்.

கடைசி வளைவுகளில் காற்று மாறுவதை முகமே சொல்லிவிடும். மரத்தண்டில் பாசி, கிளையில் பெரணி, ஓடையோரம் கூந்தல்பனை. பள்ளங்களில் என்றும் பசுமையாக அடர்ந்து நிற்பது சோலை. உச்சியில் கோயிலைச் சுற்றி மண் செங்காவியாக மாறி, மரம் குறைந்து புல்வெளி வரும். அந்த மண்ணுக்கு அடியில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியத்துக்காக அதைத் தோண்டிய இடங்களில் பழைய புல்வெளி இன்னும் திரும்பவில்லை. மலையில் எனக்கு மனம் கனக்கும் இடம் அது.

எஸ்டேட்டில் பார்க்கும் பெரிய கருப்பு விலங்கு காட்டெருமையா?

ஊரில் அப்படித்தான் சொல்கிறோம், செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் அது எருமை இனமே இல்லை, மாட்டினம். காட்டுமாடு என்பதே பொருத்தமான பெயர். உண்மையான காட்டெருமை அசாம், சத்தீஸ்கர் போன்ற இடங்களில்தான் இருக்கிறது, நம் மலையில் இல்லை. காட்டுமாட்டுக்கு முதுகில் திமில் போன்ற மேடு உயர்ந்து நிற்கும். நான்கு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும். சங்கத் தமிழில் இதற்கு ஆமா என்று பெயர். இரண்டே எழுத்தில் இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு எருமை என்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

முழுதாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். கூட்டத்தில் பசுக்களும் கன்றுகளும்தான் அதிகம். வயதான காளை பெரும்பாலும் தனியாகத் திரியும். இந்த மலையில் புலி இல்லை. காப்பித் தோட்டத்தில் நிழலும் தண்ணீரும் புல்லும் உண்டு. அதனால் தோட்டத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. தோட்டத் தொழிலாளர்கள் விடியலில் அதே பாதையில்தான் வேலைக்குப் போக வேண்டும். சுற்றுலா வந்தவருக்கு அது படம், அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

எதிரில் வந்துவிட்டால் நில்லுங்கள். கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், படம் எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். அதற்கு வழிவிட்டு, முகம் பார்த்தபடியே பின்வாங்கி, ஒரு பெரிய மரத்தையோ சுவரையோ நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் சீறினாலும், பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடலையும் காட்டி நின்றாலும் அது எச்சரிக்கை. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் எஸ்டேட் சாலைகளில் வேகம் குறைக்க வேண்டும். கருப்பு உடல் இருட்டில் தெரியாது, மோதிய பிறகுதான் தெரியும்.

யானை, சிறுத்தை?

யானைக் கூட்டம் இங்கு வாழ்வதில்லை. அதற்கு நீங்கள் ஓசூர், தளி பக்கம் போக வேண்டும். சேலம் மாவட்டத்துக் காடுகளில் சிறுத்தை எப்போதாவது தென்படுவதுண்டு, அது மனிதரைத் தேடி வருவதில்லை. கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மரநாய் ஆகியவைதாம் உண்மையான குடிமக்கள். இவற்றில் பல இரவில் நடமாடுபவை. காலடித் தடமும் புழுக்கையும் உதிர்ந்த முள்ளும்தான் பகலில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஒரு முள்ளம்பன்றி முள் கிடைத்த நாளில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீடு திரும்பும்வரை அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காப்பித் தோட்டம் காடா, விவசாய நிலமா?

இந்த மலையின் தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அதன்பின் மலைமேல் இருந்த சோலையில் பெரும்பகுதி தோட்டமாக மாறியது. இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நம் காப்பி நிழலில் வளரும் பயிர். பெரிய மரங்களை விட்டுவைத்து, அடியில் இருந்த செடி கொடிகளை அகற்றித்தான் நட்டார்கள். அத்தி, பலா, நாவல், மருது, சந்தன வேம்பு என்று பழைய நிழல் மரங்கள் நிற்கும் தோட்டத்தில் அதிகாலை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மேலே மரகதப்புறா, நடுவே சின்னான்கள், அடியில் இலைச் சருகைக் கிளறும் காட்டுக்கோழி. காடு போனாலும் காட்டின் கூரை இன்னும் நிற்கிறது.

இப்போது அந்தக் கூரையும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நேராக, வேகமாக வளரும். மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டி விற்கலாம். காப்பி விலை விழுந்த ஆண்டில் கைகொடுப்பது மிளகும் மரமும்தான் என்று தோட்டக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சில்வர் ஓக் பூக்கும்போது தேன்சிட்டுகள் வருவதும் உண்மை. ஆனால் அதில் பழம் இல்லை. ஓர் அத்தி மரம் பழுத்தால் பகலில் குக்குறுவானும் புறாவும், இரவில் வௌவாலும் மரநாயும் சாப்பிடும். பத்து சில்வர் ஓக் சேர்ந்தாலும் அந்தப் பந்தியைப் போட முடியாது. உங்களுக்குத் தோட்டம் இருந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: ஏக்கருக்குச் சில அத்தி மரங்களையாவது வெட்டாமல் விடுங்கள்.

மரநாய் காப்பிப் பழத்தையும் தின்னும். நன்றாகப் பழுத்ததை மட்டும் பொறுக்கித் தின்று கொட்டையை எச்சத்தோடு போடும். கூந்தல்பனை விதையைப் பரப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கூண்டில் அடைத்துக் காப்பிப் பழம் ஊட்டுவது கொடுமை. "மரநாய்க் காப்பி" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

காப்பி எப்போது பூக்கும்?

பங்குனி, சித்திரையில் விழும் முதல் மழையைத் தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள். மழை விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம், இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். அந்த நாட்களில் கிளைக்குக் கிளை தேனீ. பாறை விளிம்புகளில் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும், மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் பொந்துத்தேனீயும் சேர்ந்தே வரும். பூ மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சல் போச்சு.

ஏற்காட்டில் குறிஞ்சி பூக்குமா?

பூக்கும். நீலக்குறிஞ்சி பெருங்கூட்டமாக இருப்பது மேற்கு மலைப் புல்வெளிகளில் என்றாலும் கிழக்கே சேர்வராயன் மலையிலும் அது இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செடி பட்டுப்போகும். அத்தனை செடியும் ஒன்றாக விதை போட்டால் தின்பவை தின்றும் மிச்சம் இருக்கும். அதுதான் இந்த நீண்ட காத்திருப்பின் கணக்கு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். குறிஞ்சி என்பது ஒரே செடி அல்ல, அந்த இனத்தில் பல வகை உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை. சாலையோரம் ஊதாப் பூ பார்த்ததும் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி பரவி, மறுநாள் நூறு வண்டிகள் வந்து நின்று, அந்தச் செடிகளை மிதித்தே கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். மலையும் மலைசார்ந்த நிலத்துக்கே நம் முன்னோர் குறிஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூவைப் பறிக்காமல் பார்த்துவிட்டு வர நமக்குத் தெரியவேண்டும்.

பறவை பார்க்க எந்த இடம், எந்த மாதம்?

மாதத்தை முதலில் சொல்கிறேன். ஐப்பசி முதல் மாசி வரை. உள்ளூர்ப் பறவைகளோடு வலசை வருபவையும் சேரும். வடக்கே மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி அப்போது வரும். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இவ்வளவு நிறங்களைப் பூசிக்கொண்ட பறவை தரையில் சருகுக்குள் நடந்து திரிவது வேடிக்கை. குரலைக் கேட்டுவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

ஓடைப் பக்கம் விடியலில் மனிதர் யாரோ நிதானமாகச் சீட்டியடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடல், நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். நிழலில் வெறும் கருப்பாகத் தெரியும், வெயில் பட்டால்தான் நீலம் விழிக்கும்.

நான் எல்லோரையும் தேடச் சொல்வது மஞ்சள் தொண்டைச் சின்னானை. மலைமேல் அல்ல, ஏறும் வழியில், பெரும்பாறைகளும் புதரும் கலந்த சரிவுகளில் இருக்கும். உலகில் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, அழியக்கூடிய நிலையில் இருப்பதாகப் பன்னாட்டுச் செம்பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. பாறையை உடைத்து ஜல்லியாக்கினால் அதற்குப் போக்கிடம் கிடையாது. வெறும் பாறையும் முள்ளும்தானே என்று நாம் தள்ளிவிடும் இடம் அதன் வீடு.

இந்த மலையின் பறவைகளைப் பற்றிய கணக்கு புதிதல்ல. வெர்னே என்பவரின் பொருளுதவியோடு கிழக்கு மலைகளில் நடந்த பறவை ஆய்வுக் குழு சேர்வராயன் மலையிலும் பணியாற்றியது. அதன் முடிவுகளை விஸ்லரும் கின்னியரும் 1930களில் தொடராக வெளியிட்டார்கள். அன்று பதிவானவற்றில் இன்று எவை இருக்கின்றன என்று உள்ளூர்ப் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

மழைக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்து போகின்றனவே, எங்கே போகின்றன?

மேற்கு மலைகளுக்கு. நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை ஆண்டுக்கு இருமுறை இடம் பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்கு மலைகளிலிருந்து கிழக்கே வரும். இங்கே இனம் பெருக்கி, புரட்டாசி, ஐப்பசி வாக்கில் சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளிலிருந்து மீண்டும் மேற்கே போகும். சேலம் நகரத்துக்குள் பேருந்து நிலையத்தின் மேலேகூட ஒரே திசையில் வரிசையாகப் பறந்து போவதைப் பார்க்கலாம். கிலுகிலுப்பைச் செடி காய்ந்த இடங்களில் ஆண் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும். இணை சேர்வதற்கான மணத்தை உண்டாக்கத் தேவையான சாற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. களை என்று நினைத்து அதைப் பிடுங்க வேண்டாம்.

குரங்குகளுக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம்தானே?

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மலைப்பாதை வளைவுகளில் உட்கார்ந்திருப்பவை நாட்டுக்குரங்குகள். தென்னிந்தியாவுக்கே உரியவை. எங்கும் இருப்பதால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை என்று நினைக்கிறோம், ஆனால் பல இடங்களில் குறைந்து வருவதால் இவையும் அழியக்கூடியவை பட்டியலில் இருக்கின்றன. காட்டில் ஒரு குரங்கு நாள் முழுவதும் அலைந்து அத்திப்பழம், தளிர், பூச்சி, விதை என்று தின்னும். தின்ற பழத்தின் விதையை வேறிடத்தில் போடும். நீங்கள் காரிலிருந்து நீட்டும் பிஸ்கட் பொட்டலம் அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. குரங்கு சாலைக்கு வந்து உட்காரும். குட்டிக்கும் அதுவே பழக்கமாகும். அடுத்த கார் வளைவில் வேகமாக வரும்.

வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த தாய்க்குரங்கு ஒன்று சிப்ஸ் பொட்டலத்துக்காகப் பாய்ந்து, வண்டியடியில் போனதை என் கண்ணால் பார்த்தேன். குட்டி பிழைத்திருந்தது. தாயின் உடலை விட்டு வர மறுத்து வெகுநேரம் கத்திக்கொண்டே இருந்தது. பொட்டலத்தை எறிந்தவர்கள் அதற்குள் நான்கு வளைவு தாண்டியிருப்பார்கள். அன்று என்னோடு வந்த பிள்ளைகள் திரும்பும் வழி முழுக்கப் பேசவில்லை.

மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சிக் கொல்லுமா?

கொல்லாது. ஆர்க்கிட் தொற்றிக்கொள்ளும் செடி. கிளையை உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, காற்றின் ஈரத்தையும் மழைநீரையும் வேர் வழியே குடிக்கும். தோட்டங்களில் "ஒட்டுண்ணி" என்று சீவி எறிகிறார்கள், பாவம். உண்மையில் மரத்தின் சாற்றைத் திருடுவது புல்லுருவி. அதன் வேர் கிளைக்குள்ளேயே இறங்கும். புல்லுருவிப் பழத்தைத் தின்னும் பூக்கொத்திச் சிட்டு, பிசுபிசுத்த விதையை அலகாலோ பின்புறத்தாலோ அடுத்த கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். அங்கே புதிய புல்லுருவி முளைக்கும்.

ஆர்க்கிட்டை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை 1963இல் ஏற்காட்டில் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. அது நம் மலைச் செடி அல்ல, மேகாலயாவிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

பாம்பு கடித்தால்?

108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நஞ்சு முறிவு மருந்து இருக்கிறது. காப்பிச் செடியில் இலையோடு இலையாகப் படுத்திருக்கும் பச்சை நிற மூங்கில் விரியன் கடித்தால் வீக்கமும் கடும் வலியும் வரும். அதன் நஞ்சுக்கென்று அந்த மருந்து செய்யப்படவில்லை. ஆகவே எந்தப் பாம்பு என்று மருத்துவரிடம் நிறத்தைச் சொல்வது உதவும். பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

மெல்லிய பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. "கண்கொத்தி" என்ற பெயராலேயே ஏராளமாக அடிபட்டுச் சாகிறது.

ஆண்டுதோறும் மலையில் தீப்பிடிக்கிறதே, வெயிலால்தானா?

வெயில் சருகைக் காய வைக்கும், பற்ற வைப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். மாசி முதல் வைகாசி வரை இலையுதிர் காட்டில் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு கிடக்கும். அணைக்காத பீடி, வளைவில் நிறுத்திச் சமைத்த அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, இதில் ஏதாவது ஒன்று போதும். தரையில் முட்டையிடும் காட்டுக்கோழி, ஓடத் தெரியாத ஆமை, நாற்றாக நிற்கும் அடுத்த தலைமுறை மரங்கள் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். எரிந்த இடத்தில் முதலில் வருவது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி அடுத்த கோடையில் இன்னும் நன்றாக எரியும். வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறார்கள். இரவில் சேலத்திலிருந்து பார்த்தால் மலையில் மாலை போட்டதுபோல் தீ தெரியும். அழகாக இருக்கிறதென்று படம் எடுத்து அனுப்பாமல், உடனே வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

நான் சேலத்தில் இருக்கிறேன். மேலே காடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

உங்கள் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில்தான். சரபங்கா நதியும் அப்படியே. மலையிலிருந்து தெளிந்து இறங்கும் மணிமுத்தாறு நகரத்தைத் தாண்டும்போது சாயக்கழிவும் சாக்கடையும் சுமந்து கறுத்துப் போகிறது. பிறந்த இடத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சருகும் வேரும் மூடிய சரிவு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு தை, மாசி வரை ஓடைக்குச் சிறுகச் சிறுக விடும். மொட்டைச் சரிவில் விழும் மழை மண்ணோடு சேர்ந்து அன்றே கீழே வந்து ஏரியை மேடாக்கும். மே மாதத்தில் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செடி, தேன், கிளி ஏதாவது வாங்கி வரலாமா?

மிளகு, காப்பித்தூள், பருவத்தில் பலா, மலை மக்கள் விளைவிக்கும் சாமை ஆகியவற்றைத் தாராளமாக வாங்குங்கள், காசு அவர்களுக்கே போகட்டும். காட்டிலிருந்து பிடுங்கிய ஆர்க்கிட் வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றம்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் போவது?

மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிடைக்கும் முதல் பஸ்ஸில் ஏறுங்கள். ஏரிப் பக்கம் இறங்கியதும் படகுத் துறைக்குப் போகாமல், தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஏதாவதொரு பொதுச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக நடங்கள். காட்டின் நிறத்தோடு ஒத்துப்போகும் உடையும், தண்ணீரும், இருந்தால் ஒரு பைனாகுலரும் போதும். பாட்டுப் போடும் பெட்டி வேண்டாம். மதியம் ஆர்க்கிட் தோட்டம். வெயில் சாய்ந்த பிறகு கோயில் உச்சிப் புல்வெளி. இறங்கும்போது ஈரம் கசியும் சாலையோரப் பாறை எதையாவது கண்டால் ஒரு கை தூரத்தில் நின்று, ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். பாறையில் ஒரு துணுக்கு நகரும். வட்டக் கண்ணால் அதுவும் உங்களைப் பார்க்கும்.